நண்டு நடை நடக்க மறுத்தவர்

(வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஈராக் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்டார்: "படையெடுப்பால் ஜனநாயகம் வராது என்கிறீர்கள். அப்படியானால் ஜப்பானில் மட்டும் எப்படி வந்தது?" நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். உண்மையில் என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. இந்த ஒரு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அது சாதாரணக் கேள்வி அல்ல. 2003 பிப்ரவரியில், போருக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஜார்ஜ் புஷ் இதே வாதத்தைத்தான் வைத்தார். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் ஜனநாயகம் ஒத்துவராது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அது பொய்யாகவில்லையா என்றார்.

நாமோ "அந்நியப் படை, ஏகாதிபத்தியம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. உள்ளூர் ஆதிக்கம் அந்நியனைவிடக் கொடியதாக இருக்க முடியும் என்பதைச் சாதியின் அடியில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1988இல் ஹலப்ஜாவில் சதாமின் விமானங்கள் நச்சுவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்துகளைக் கொன்றன. 2003இல் சதாமின் சிலை விழுந்தபோது குர்து நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்து ஆடினார்கள். அவர்களுக்கு இறையாண்மை பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது.

சரி, ஜப்பான். அங்கே புராக்குமின் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடுவது, கால்நடை அறுப்பது, பிணத்தோடு தொடர்புள்ள வேலைகள் செய்வது, அதனால் தீட்டு, அதனால் ஒதுக்குப்புறக் குடியிருப்பு. நமக்கு விளக்கம் தேவைப்படாத கதை. 1871இல் அரசாணை போட்டு இழிநிலையை ஒழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அது ஒழியவில்லை. 1922இல் கியோட்டோவில் அவர்களே கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சுய்ஹெய்ஷா என்று பெயர். தண்ணீர் மட்டம்போல எல்லாரும் சமம் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த 1922ஐ நினைவில் வையுங்கள். அமெரிக்கப் படை ஜப்பானில் இறங்கியது 1945இல். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1925இல், சொத்துத் தகுதி பார்க்காமல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டது. இச்சிகாவா ஃபுசாயே போன்ற பெண்கள் தங்களுக்கும் வாக்குக் கேட்டு 1920களிலேயே அமைப்பு கட்டியிருந்தார்கள். 1945இன் இறுதியில் சுசுகி யாசுசோ என்கிற அறிஞரும் அவர் நண்பர்களும் ஓர் அரசியல் சட்ட வரைவை எழுதி வெளியிட்டார்கள். ஆக்கிரமிப்புத் தலைமையகம் தன் வரைவை எழுதும்போது அதை எடுத்துப் படித்தது. ராணுவம் இதையெல்லாம் அடக்கி வைத்திருந்தது. அந்த ராணுவம் தோற்றதும் அடங்கிக் கிடந்தது எழுந்தது.

ஆக்கிரமிப்பு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். குத்தகைதாரர்களுக்கு நிலம் கிடைத்தது. 1946 தேர்தலில் பெண்கள் வாக்களித்தார்கள், 39 பேர் நாடாளுமன்றம் போனார்கள். பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவில், அமெரிக்கர்களின் முதல் வரைவில் 'சாதி' என்ற சொல்லே இருந்தது! இறுதி வடிவத்தில் அது போய், 'குடும்பப் பிறப்பு' என்ற பொருளில் வேறு சொல் வந்தது.

இனி, நான் சொல்ல வந்த மனிதர். மத்சுமோத்தோ ஜீச்சிரோ, சுய்ஹெய்ஷாவின் தலைவர். 1947இல் புதிய மேலவையின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்றத் தொடக்க நாளில் பேரரசரைச் சந்திப்பவர்களுக்கு ஒரு மரபு இருந்தது: அவருக்கு முதுகு காட்டக் கூடாது, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். 1948 ஜனவரியில் மத்சுமோத்தோ அப்படி நடக்க மறுத்தார். மனிதன் மனிதனுக்கு முன்னால் எதற்கு நண்டாக வேண்டும்? தோளில் துண்டு போடாதே, செருப்பைக் கையில் எடு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அவருடைய அந்தச் சில அடிகளின் எடை புரியும்.

ஜனநாயகத்தைக் கொண்டுவந்தவர்கள் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும், இல்லையா? பேரரசரை அரியணையில் வைத்திருந்ததே ஜெனரல் மெக்கார்தர்தான். போர்க்காலக் குற்றவாளிகளை நீக்குவதற்கென்று ஆக்கிரமிப்பு கொண்டுவந்த அதே ஆணையின் கீழ், யோஷிதா அரசின் காலத்தில், 1949இல் மத்சுமோத்தோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1951இல்தான் தடை நீங்கியது. அதற்கும் முன்னால், 1947 பிப்ரவரி 1 அன்று நடக்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை மெக்கார்தரே தடைசெய்திருந்தார். வாக்களிக்கலாம், வேலைநிறுத்தம் கூடாது.

அரசியல் சட்டம் வந்து 28 ஆண்டுகள் கழித்து, 1975இல், புராக்குமின் குடியிருப்புகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வாங்கியவை நிறுவனங்கள். வேலைக்கு விண்ணப்பித்தவரின் ஊரை வைத்துப் பிறப்பைக் கண்டுபிடிப்பதற்கு! அதை எதிர்த்து நின்றது சுய்ஹெய்ஷாவின் வழிவந்த விடுதலை அமைப்பு.

இந்தக் கண்ணோடு ஈராக்கைப் பாருங்கள். அங்கும் மக்கள் கை கட்டிக் காத்திருக்கவில்லை. 1930களிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி உண்டு, தொழிற்சங்கங்கள் உண்டு, சதாம் நசுக்கினார். 1987இல் பொதுத்துறைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கவே தடை போட்டார். 2003இல் வந்த பால் பிரெமரின் நிர்வாகம் சதாமின் ராணுவத்தைக் கலைத்தது, கட்சியைக் கலைத்தது. அந்தச் சங்கத் தடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

அந்த ஜூனில் நஜஃப் நகரில் நடக்கவிருந்த உள்ளூர்த் தேர்தலைப் பிரெமர் ரத்துசெய்தார். ஜூலையில் 25 பேர் ஆட்சிக்குழுவை அவரே நியமித்தார்: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துர்க்மென் 1, அசீரியக் கிறித்தவர் 1. இதை நம் இடஒதுக்கீட்டோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் கேட்பது வேறு. மொத்த அரசையும் பிறப்பின்படி பங்கு வைத்து, பங்குக்கு ஒரு தலைவரை உட்கார வைப்பது வேறு. பங்கு வாங்கிய தலைவர்கள் அமைச்சகங்களைத் தங்கள் கட்சிச் சொத்தாக்கினார்கள். நேரடித் தேர்தல் வேண்டும் என்று 2004 ஜனவரியில் பாக்தாத்தில் பெருந்திரளாக ஊர்வலம் போனவர்கள் ஈராக்கியர்கள். தள்ளிப்போடப் பார்த்தது ஜனநாயகம் தர வந்த அமெரிக்கா.

பிறகு 2019 அக்டோபர். பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடியவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். சதாம் விழுந்தபோது குழந்தைகள். "எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்" என்பதுதான் முழக்கம். ஷியா பங்கு, சுன்னி பங்கு எதுவும் வேண்டாம் என்றார்கள். பாதுகாப்புப் படைகளும் ஆயுதக்குழுக்களும் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நவம்பர் இறுதியில் பிரதமர் பதவி விலகல் அறிவித்தார். 16 ஆண்டுகளாக அசையாததை, கூடாரம் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள் அசைத்தார்கள். பங்குமுறை இன்னும் விழவில்லை, அது வேறு.

கேள்வி கேட்ட தோழர் இன்றைக்கும் வந்திருக்கிறார், பார்த்தேன். குர்துகள் பற்றி நான் சொன்னதில் எனக்கே இன்னும் சிக்கல் தீரவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம். மைக்கை அவரிடம் கொடுங்கள்.