மரவீடும் ஒரு சேமிப்புப் பெட்டகம்



நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 1908-இல் கட்டி முடிக்கப்பட்டது. நான்கு மாடி, 99 தூண்கள். இரும்பு ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டியது. அதன் அழகைப் புகழ்வோர் பலர். அந்தத் தூண்களுக்குள் நூறாண்டுக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கும் கரிமத்தை நினைப்போர் சிலரே.

மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, அதிலுள்ள கரிமத்தைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம்தான். மரம் மக்கினாலும் எரிந்தாலும் அது மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். தூணாக, உத்திரமாக நின்றாலோ, கட்டடம் உள்ளவரை வெளியேறாது. ஜப்பானின் ஹோர்யூஜி கோயில் மரக் கோபுரம் ஏறக்குறைய 1300 ஆண்டுகளாக நிற்கிறதே!

சிமெண்டு இதற்கு நேர்மாறு. அதற்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கரியமில வாயு வெளியாகிறது. இதையெல்லாம் கருதித்தான் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023-இல் ஆறு மாடி மரக் கட்டடத்தைத் திறந்தது.

அப்படியானால் காட்டை அழிக்கலாமா? கூடாது. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால்தான் கணக்கு நேராகும். கட்டிய பின்னும் மழை ஈரமும் கரையானும் அண்டாமல் காக்க வேண்டும்.

தோட்டங்களிலும் கம்பங்களிலும் பழைய பலகை வீடுகளை இடிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல பலகையைக் கழற்றி இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் சேமிப்பு தொடரும். கொளுத்தினால், பாட்டன் காலத்துச் சேமிப்பு ஒரே மாலையில் புகையாகிவிடும்.