வடபாதையில் ஒரு மோட்டார்ப் பயணம்

தம் வண்டியைத் தாமே செலுத்திக்கொண்டு நாடு காணப் புறப்படுபவர்க்கு ஓர் உரிமை உண்டு. புகையிரதம் நிலையத்தில் மட்டுமே நிற்கும். சொந்த வண்டியோ செலுத்துபவர் விரும்பிய இடத்தில் நிற்கும். ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் சிலரே. கொழும்பிற் புறப்பட்டுக் கண்டியில் உணவருந்தி, நுவரெலியாவின் குளிரை இரண்டு நாள் நுகர்ந்துவிட்டு வந்த வழியே திரும்புவோர்தாம் பலர்.

கடலும் பழம்பதிகளும் மலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேறொரு வழி இந்நாட்டில் இருக்கின்றது. தலைமன்னாரில் தொடங்கி மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்னும் ஊர்களைக் கடந்து நுவரெலியாவை அடைவது அவ்வழி. தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். விரைந்து செல்பவர் ஒரே நாளில் முடித்துவிடலாம். மூன்று நாள் எடுத்துக்கொள்பவரே எதையேனும் கண்டவராவார். தலைமன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட பகுதிக்கு முற்காலத்தில் வடபாதை என்று பெயர். அப்பெயரை அறிந்து செல்பவர்க்கும் அறியாமற் செல்பவர்க்கும் இப்பயணம் ஒன்றாயிராது.

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்தே தொடங்குதல் நன்று. 1914இல் தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை தொடங்கிய துறை அது. அதற்கு மிக முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், தமிழகத்தின் கரையிலிருந்து வள்ளங்களில் மக்கள் இப்பகுதியில் வந்திறங்கினர். கங்காணி முன்னே செல்ல, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கண்டிச் சீமையை நோக்கி நடந்தனர்.

மன்னாரிற் கழுதைகள் வீதியின் நடுவே நின்று வண்டிகளை நிறுத்தும். ஒலியெழுப்பிப் பயனில்லை, காத்திருத்தலே வழி. போர்த்துக்கேயர் 1560இற் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை கடலோரத்தில் இருக்கின்றது. பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குரிய இனம். அரபு வணிகரொடு வந்ததென்பர். தாம்போதியைக் கடந்து பெருநிலத்தை அடைந்ததும் மாந்தை. பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த இடமும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் அங்கேயே உள்ளன. இங்கு அரை நாள் செலவிடலாம்.

முருங்கனுக்கு அப்பால் வயல் குறைந்து காடு மிகும். வீதி நேரானது, வேகத்தைத் தூண்டுவது. இங்கேதான் செலுத்துபவர் காலை சற்றே தளர்த்துதல் வேண்டும். யானைகள் வீதியைக் கடக்கக்கூடும் என்பது ஒரு காரணம். பொழுது சாயுமுன் இப்பகுதியைக் கடந்துவிடுவது அறிவுடைமை. மற்றொரு காரணமும் உண்டு. வடபாதையில் நடந்தோர் மிகுதியாக வருந்தியது இத்தகைய வறண்ட காட்டுப் பகுதிகளிலேயே. குடிநீர் அரிது, கிடைத்த நீரும் பல வேளைகளில் வாந்திபேதியைத் தந்தது. காய்ச்சல் கண்டவரைச் சுமந்து செல்ல ஆளில்லை. விழுந்தவரை வழியோரத்தில் விட்டு ஏனையோர் நடந்தனர் என்பது அக்காலத்து அரசாங்கப் பதிவுகளிலேயே காணப்படும் செய்தி. அவர்களுள் மிகப் பலரின் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை. அரசர்களின் பெயரைத் தாங்கும் கற்களோ இனிவரும் ஊர்களில் ஏராளம்.

அநுராதபுரத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மகாபோதியையும் உருவன்வெலிசாயவையும் காணாது எவரும் அப்பாற் செல்லார். மகாசேனன் தொடங்கிய சேதவனத் தூபி ஒருகாலத்தில் 400 அடி உயர்ந்திருந்தது என்பதை மட்டும் அதன் அடியில் நின்று எண்ணிப் பார்க்கலாம். மிகிந்தலையில் வெயில் ஏறுமுன் படியேறுதல் நலம்.

தம்புள்ளைக் குகைகளைக் கண்டபின் மாத்தளையை நோக்கி வருகையில் நாலந்தா என்னும் சிற்றூர் வரும். பெரும்பாலான வண்டிகள் இங்கு நிற்பதில்லை, இது வருந்தத்தக்கது. பிரதான வீதியிலிருந்து சிறிது உள்ளே நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் இருக்கின்றது. வழிபாடு பௌத்தம், கட்டடமுறையோ பல்லவர் காலத் திராவிட முறை. நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்காதவாறு கல்லைக் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டினர். தமிழர் கலை, சிங்களவர் கலை என்று எளிதாக வேலி போடுபவர்கள் இக்கட்டடத்தின் முன் சற்று நேரம் நிற்கலாம்.

அடுத்து வருவது அலுவிகாரை. திரிபிடகம் கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடமென்று போற்றப்படுவது. அதனை விட்டு நகருக்குள் நுழைந்தால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் தோன்றும். காடு கடந்து உயிரோடு வந்து சேர்ந்தோர் மாரியம்மனை வணங்கிப் பின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர் என்பது வழிவழியாக வரும் கூற்று. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். யூலை 28இற் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12இல் வந்து சேர்ந்தனர். வழிநெடுக உணவும் நீரும் தங்குமிடமும் தந்து உபசரிக்க ஊரார் இருந்தும் பதினாறு நாள் சென்றன.

கண்டியிலிருந்து பேராதனை வழியாகச் செல்லும் வீதி கம்பளையை அடையும். பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய ஊர். இதனை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1820களிற் கோப்பி பயிரிட்டார். தென்னிந்தியத் தொழிலாளரின் வரவு அங்கே தொடங்கியதாகக் கொள்வர். கோப்பி பருவப் பயிராதலால் பலர் அறுவடை முடிந்ததும் அதே காட்டுவழியே திரும்பி நடந்தனர். 1869இற் கோப்பியிலை நோய் தோன்றி அத்தொழிலை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர் யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டிருந்த தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி அது; ஆகவே பறிப்பவரும் ஆண்டு முழுவதும் தங்க வேண்டியவராயினர்.

புசல்லாவைக்கு மேல் வளைவுகள் நெருங்கும். மழைக்காலமாயின் மண்சரிவு பற்றிக் கம்பளையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினரோ அதே கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்று பழைய சாரதிகள் கூறுவதும் பொய்யன்று. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவரின் வண்டி எரிநாற்றம் வீசும். இறம்பொடையில் அருவி தெரியுமிடத்தில் வண்டிகள் பல நின்றிருக்கும். அங்கே இடமில்லாவிடின், இன்னும் சற்று மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் அகன்ற இடம் பார்த்து நிறுத்தலாம். பிற்பகலாயின் கொழுந்து நிறுக்கும் வேளை. கூடையும் சாக்கும் சுமந்த பெண்கள் வரிசையாக வீதியைக் கடந்து நிறுவைத் தராசை நோக்கிச் செல்வர். அவர்கள் அனைவரும் கடந்து முடியும்வரை இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கலாம். நுவரெலியாவுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.