பிறர் எழுத்தைத் திருத்தும் பொறுப்பு

பட்டம் பெற்றுச் செல்வோருள் பலர் விரைவிலேயே பிறர் உழைப்பைத் திருத்தும் இடத்தில் அமர்த்தப்படுவர் என்பதால், அப்பொறுப்பு மிகக் கடுமையாக அமையும் ஒரு தொழிலை, அதாவது நகைச்சுவை எழுத்தாளர் குழுவை வழிநடத்தும் தலைமை எழுத்தாளரின் பணியை, இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

லோர்ன் மைக்கேல்ஸ் உருவாக்கி, 1975 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கிலிருந்து முதன்முதலில் ஒளிபரப்பான 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான எழுத்துவேலை, ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்குகிறது. செவ்வாய் இரவு விடிய விடிய எழுதப்படும் ஏறத்தாழ 40 குறுநாடகங்கள், புதன்கிழமை நடிகர்களும் எழுத்தாளர்களும் கூடி உரக்கப் படிக்கும் அமர்வில் சோதிக்கப்பட்டு, அவற்றுள் பெரும்பாலானவை அத்துடன் கைவிடப்படுகின்றன. எஞ்சியவற்றை எழுத்தாளர்கள் வியாழனன்று ஒன்றாக அமர்ந்து வரிக்கு வரி திருத்துகின்றனர். சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் முழு ஒத்திகை நடக்க, 11.30 மணிக்கு நேரலை தொடங்குகிறது. ஒத்திகையில் சிரிப்பு எழாத காட்சி இந்த இடைவெளியில் நீக்கப்படுகிறது அல்லது சுருக்கப்படுகிறது. நடிகர் பார்த்துப் பேசுவதற்கெனக் கையால் எழுதிப் பிடிக்கப்படும் வசன அட்டைகளில் பழைய வரி மறைக்கப்பட்டு, அதன்மேல் புதிய வரி ஏறுகிறது.

1999இல் டீனா ஃபே இந்நிகழ்ச்சியின் முதல் பெண் தலைமை எழுத்தாளரானார். இப்பதவியில் இருப்பவர் அறையிலேயே சிறந்த நகைச்சுவையாளராக இருக்க வேண்டுமென்பது பரவலான எண்ணமாயினும், அது உண்மையன்று. பின்னிரவு 2 மணிக்குக் களைத்த குழு எதற்கும் சிரிக்கும். அச்சிரிப்பை நம்பாமல், காட்சியின் கதையோட்டத்துக்கு உதவாத வரியை, அது தாமே எழுதியதாயினும், நீக்கத் துணிவதே தலைமை எழுத்தாளரின் முதன்மைத் திறன். அதனினும் அரியது, வரியை இழந்தவர் வாயடைத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது. ஏனெனில் அடுத்த வரியும் அவரிடமிருந்தே வர வேண்டியிருக்கலாம். ஆகவே "நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லி நகர்வது தலைமையாகாது. சிரிப்பு எங்கே தவறியது, பாத்திரம் அவ்வாறு பேசுமா, முன்வரி விஷயத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டதா என்று காரணம் காட்டுவதே தலைமை. இவ்வுரையாளர் மாணவராக இருந்த காலத்துக் கல்லூரி நாடகங்களில், எழுதியவரின் பிரதியைப் பிறர் தொடுவதே அவமதிப்பாகக் கருதப்பட்டது; அக்கருத்தால் பல நல்ல நாடகங்கள் நீளத்தாலேயே தோற்றன.

சனிக்கிழமை இரவு காட்சியை இழந்த எழுத்தாளர், திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவ்வார நிகழ்ச்சியை நடத்தவிருக்கும் விருந்தினர் முன்னிலையில் புதிய கருவொன்றைச் சொல்ல வேண்டும். அவர் தயங்காமல் வாய் திறக்கிறாரா என்பதைக் கொண்டே அக்குழுவின் தலைமையை மதிப்பிடலாம்.