பைக்கின் பின்னே ஒரு பெட்டி வண்டி



தம்பானூரில் எதிரெதிரே ரயில் நிலையமும் பஸ் நிலையமும். பக்கத்திலே சாலைக் கடைத்தெரு. எங்கும் சுமைதான். பைக்கின் பின்னால் சின்னப் பெட்டி வண்டி ஒன்றை மாட்டினால் என்ன என்று தோன்றலாம். இதை டிரைலர் என்பார்கள்.

பைக் நிற்கும். டிரைலர் நிற்குமா? அதற்குத் தனி பிரேக் இல்லை என்றால் பைக்கைப் பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்திலும் மழை ஈரத்திலும் ஆபத்து அதிகம். வளைவில் பிரேக் பிடித்தால் பைக்கையே சாய்த்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சுமையை எப்படி வைப்பது? கனமானதை அடியில், அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேலே தூக்கும். பைக்கின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். டிரைலர் வாலாட்டும். சுமையை இறுக்கிக் கட்டுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். குழந்தைகளை அதில் ஏற்றவே கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைலரும் மோட்டார் வாகனமே. பட்டறையில் பற்றவைத்து வாங்கினால் போதாது. பதிவு வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

அனுமதி கிடைக்கவில்லையா? சரக்கு ஆட்டோ இருக்கிறது. கொஞ்சம் வாடகை போகும். உயிர் மிஞ்சும்.