ஊர் பார்க்க வருகிறவர்களும் ஊரில் இருப்பவர்களும்

(சோழவரம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பழவேற்காட்டைச் சுற்றுலா ஸ்தலமாக ஆக்க வேண்டும் என்று அடிக்கடி கிளம்பும் பேச்சைப் பற்றியதாகும். அதைச் சோழவரத்தில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வெளியூர்க் கூட்டம் வந்தால் ஊர் பிழைத்துப் போகும் என்ற பேச்சை நன்றாக அனுபவித்து அறிந்தவர்கள் நீங்கள்தான் என்பதாலேயே இங்கு பேசுகிறோம். யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில் 1950களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பட்டணத்துச் சீமான்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்தார்கள். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை ஏற்பட்டதும் பந்தயம் அங்கே போய்விட்டது. அந்தக் கூட்டத்தின் பணத்தால் சோழவரத்தில் ஒரு பள்ளிக்கூடமாவது, ஒரு ஆஸ்பத்திரியாவது எழும்பிற்று என்று இங்குள்ள பெரியவர்கள் யாராவது சொல்ல முன்வந்தால் கேட்டுக்கொள்ளச் சித்தமாய் இருக்கிறோம்.

இன்றைக்கும் கூட்டம் வராமலில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் கல்கத்தா ரஸ்தாவில் சிறுவாபுரிக்குப் போகும் கார்களைப் பார்க்கிறீர்கள். ஆறு வாரம் தொடர்ந்து வந்து கும்பிட்டால் சொந்த வீடு கிடைக்குமாம்! அந்தக் கோவிலைச் சுற்றி நாள் தவறாமல் நடமாடுகிற கூலிக்காரர்களுக்கு இத்தனை நாளில் ஆளுக்கு நான்கு மாடி வீடு கிடைத்திருக்க வேண்டாமா? வருகிறவர்களின் வீட்டைக் கட்டுவது சித்தாளும் கொத்தனாரும். நன்றி போவது கல்லுக்கு. அது கிடக்கட்டும். நம்பிக்கையால் வந்தாலும் வேடிக்கைக்காக வந்தாலும் வருகிறவனுக்குத் தண்ணீரும் கக்கூசும் நிழலும் வேண்டும். அவன் போட்ட குப்பையை ஒருவர் அள்ள வேண்டும். அள்ளுகிறவர் யார், லாபம் யாருக்கு என்பதே நமது கேள்வி.

பழவேற்காட்டுக்கு வருவோம். அது சாமானியமான ஊரல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்திற்கு அதைத் தலைநகராக வைத்திருந்தார்கள். இன்று கோட்டை புதர் மண்டிய மேடாய்க் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை மாத்திரம் மத்திய தொல்லியல் துறை காப்பாற்றி வருகிறது. அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரையில் மீனும் இறாலும் தின்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். குளிர்காலமானால் பூநாரையும் பார்க்கிறார்கள்.

ஆனால் அதே துறையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஏற்றுமதியான ஒரு சரக்கைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லுகிறார்கள்? துணி மாத்திரமா போயிற்று? பஞ்ச காலங்களில் சோற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட நம் நாட்டு ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்று ஜகார்த்தா என்று சொல்லப்படுகிற படேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வாங்கிய வெள்ளைக்காரனுக்குச் சித்திரக் கல்லறை. விற்கப்பட்டவனுக்கு ஒரு பலகைகூட இல்லை என்றால் அதைச் சரித்திரம் என்று எப்படிச் சொல்லுவது? சரித்திரத்தைக் காட்டிக் காசு வாங்குவதானால் முழுச் சரித்திரத்தையும் காட்டுவதுதான் யோக்கியமாகும்.

இனி உயிர் விஷயம். 2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். விதி என்றார்கள் சிலர். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியதும், மிதவைச் சட்டை இல்லாததும் எந்தப் பிரம்மா எழுதிய விதி? அதற்கப்புறம் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போடுவது சுலபம். காகிதமும் மையும் போதும். படகின் அளவைச் சோதித்து, இத்தனை பேர் என்று எண் எழுதி, சட்டை கொடுத்து, கட்டணத்தைப் பலகையில் போட்டு, காற்று எழும்பினால் நிறுத்துவதற்கு ஒரு பொறுப்பாளியை வைப்பதுதான் கஷ்டம். கஷ்டமான அதற்குத்தான் திட்டம் என்று பெயர். அது இல்லாத இடத்தில் தடைக்கும் பயனில்லை, ஆசைக்கும் காவலில்லை.

சரி, நாளைக்கே படகு லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுப்பார்கள்? ஏரியில் மீன் பிடிக்கும் முறைக்கு அங்கே 'பாடு' என்று பெயர். இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சில ஜாதியாருக்குள் பரம்பரையாய் நிற்பது. சேற்றிலே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் பங்கில்லை. புதிதாய் வரும் படகு வரும்படியும் அதே ஜாதி வாய்க்காலில் ஓடுமானால், சுற்றுலா வந்து என்ன, வராமல் என்ன? ஓலைப் பெட்டி முடையும் முஸ்லிம் சகோதரிகளுக்குக் கரையில் கடை வைக்க இடமுண்டா, அல்லது ஓட்டல் முதலாளி வந்து வேலி போடுவானா?

இது வீண் பயமல்ல. மாமல்லபுரத்தைப் பாருங்கள். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பேர் பெற்ற ஊர். 2021–22ஆம் ஆண்டில் கட்டணம் செலுத்திப் பார்த்த வெளிநாட்டார் எண்ணிக்கையில் தாஜ்மஹாலையும் மிஞ்சி, 1,44,984 பேரைக் கண்ட ஊர். அதே 2021ஆம் வருஷம் அக்டோபரில், அங்கு வருகிறவர்களுக்குப் பாசி மணி விற்றுப் பிழைக்கும் நரிக்குறவர் வகுப்புப் பெண் ஒருவர், அவ்வூர்க் கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டார். அவர் வாய் திறந்து பேசியது நாடெங்கும் பரவிய பிறகுதான் மந்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதும், நவம்பர் 4ஆம் தேதி முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்ததும் நடந்தன. செய்தவரையில் நல்லதே. ஆனால் உலகமெல்லாம் வந்து பார்க்கிற ஊரில், ஊர்க்காரி பந்தியில் உட்காருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது பாருங்கள்! பார்வையாளர் கட்டணமோ மத்திய சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. தெருவைக் கூட்டும் பொறுப்பு ஊர்க்காரர்களுடையது.

சீமையிலும் இந்த அவதி உண்டு. இத்தாலியிலுள்ள வெனிஸ் பட்டணத்தின் பழைய நகர்ப் பகுதியில் 1951இல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் 50,000க்கும் கீழே போய்விட்டார்கள். வீடெல்லாம் விடுதியாயிற்று, வாடகை ஏறிற்று. 2024இல் கூட்டமான நாட்களில் ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ வசூலித்தார்கள். ஊர் காலியான பிறகு வசூல்! நாம் முன்னாலேயே கேட்பதில் தப்பென்ன?

ஆகையால் கூட்டமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜனங்கள் நாலு ஊர் பார்ப்பது அறிவு வளருவதற்கு நல்லது. ஜாதகம் பார்ப்பதைவிட கோட்டை மேட்டைப் பார்ப்பது ஆயிரம் பங்கு மேல். வண்டி நிறுத்தும் கட்டணமும் படகுக் கட்டணமும் ஊராட்சிக் கணக்கில் ஏறி, குடிதண்ணீருக்கும் கக்கூசுக்கும் முதலில் செலவாகட்டும் என்கிறோம். முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் குறைகிறதே, அதைப் பார்த்துவிட்டு அலங்கார விளக்குப் போடட்டும் என்கிறோம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தேதிகளில் கிராம சபை கூடுகிறது. பழவேற்காட்டுப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் இங்கே அநேகர் இருக்கிறீர்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: போன வருஷம் வண்டி நிறுத்தியதில் எவ்வளவு வசூல், ஏலம் எடுத்தவர் யார், கக்கூசுக்குச் செலவு எவ்வளவு என்று எழுதிக் கேட்கட்டும். சிறுவாபுரிப் பக்கத்துத் தோழர்களும் அதே கேள்வியைத் தங்கள் ஊரில் கேட்கலாம். வரும் பதிலை நமது பத்திரிகைக்கு அனுப்பினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.