யார் மெட்டு, யார் பாட்டு?



எந்தத் தமிழாசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் எழுதி வைத்த பாட்டு நோட்டுகளை நேற்று மாலை எனக்குப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இரண்டு வரி: பாடியவர் பெயர், ஊர். ஒரு தாலாட்டுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது: ‘மாமியாரிடம் கற்றது.’ இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவது வரியைப் பற்றித்தான். அதற்கு நியூயார்க் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

பதின்மூன்றில் இரண்டு

1961 நவம்பர் 20, 22 ஆகிய இரு நாட்களில், கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் இருபது வயதுப் பையன் ஒருவன் தன் முதல் இசைத்தட்டுக்காகப் பாடினான். பெயர் பாப் டிலன். பக்கவாத்தியம் வாசிக்க ஆள் கிடையாது. கையில் கிதார், கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கன், அவ்வளவுதான். தயாரித்த ஜான் ஹாமண்ட், மொத்தச் செலவு 402 டாலர் என்று பின்னாளில் சொன்னார். 1962 மார்ச்சில் வெளிவந்த தட்டு முதல் ஆண்டில் 5,000 பிரதி அளவில்தான் விற்றது. நிறுவனத்துக்குள்ளேயே ‘ஹாமண்டின் மடத்தனம்’ என்று கேலி பேசினார்கள்.

தட்டில் 13 பாட்டுகள். அவற்றில் டிலன் கட்டியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று, நோயில் விழுந்திருந்த தன் மானசீக குரு வுடி கத்ரிக்கு எழுதிய ‘சாங் டு வுடி’. சொல் டிலனுடையது. மெட்டோ கத்ரியின் ‘1913 மாசகர்’ பாட்டினுடையது. பிள்ளையாரைக் கிள்ளிப் பிள்ளையாருக்கே நைவேத்தியம்! கத்ரியும் சும்மா இருந்தவரல்லர். அவருடைய ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ மெட்டு, கார்ட்டர் குடும்பத்தார் முன்பே பாடிப் பதிந்ததிலிருந்து எடுத்தது.

இதைக் கேட்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நந்தன் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகளில் பாரதி அரசியல் பாட்டுக் கட்டவில்லையா? கடைத்தெருவில் மலிவாக விற்ற நம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் ‘இன்ன வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருக்கும். ஸ்வரம் எழுதத் தேவையில்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாடிவிடலாம். வியாபாரத்துக்காகப் போட்ட வரிதான். ஆனாலும் கடன் வாங்கிய இடம் அதில் பதிவாகிவிட்டது.

ஒரே வீடு, பல வாசல்

டிலனின் அதே முதல் தட்டில் ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ என்ற பழைய பாட்டு இருக்கிறது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் டிலனுக்கு மூத்த பாடகரான டேவ் வான் ராங்க், அதன் அடிச் சுரங்கள் படிப்படியாகக் கீழே இறங்கும்படி கிதாரில் புதிதாக அமைத்திருந்தார். தானே பதிவு செய்யவும் எண்ணியிருந்தார். டிலன் வந்து அனுமதி கேட்டார். கேட்டபோது பதிவு முடிந்திருந்தது.

உறைக் குறிப்பில் வான் ராங்க் பெயர் இருந்தது உண்மை. பலன்தான் இல்லை. அவர் மேடையில் பாடினால் ‘டிலன் பாட்டு’ என்றார்கள், பாடுவதை நிறுத்திக்கொண்டார். 1964இல் அனிமல்ஸ் குழு மின்கிதாரோடு அதைப் பாடி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இப்போது டிலன் பாடினால் ‘அனிமல்ஸ் பாட்டு’ என்றார்கள், அவரும் நிறுத்திக்கொண்டார். வான் ராங்க் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

இன்னும் பின்னால் போவோம். 1937இல் கெண்டக்கியின் மிடில்ஸ்பரோவில், ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண் இதைப் பாட, நாட்டுப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். அதற்கும் முன்னே 1933இல் கிளாரன்ஸ் ஆஷ்லி தட்டில் பாடியிருக்கிறார். அவர் தாத்தாவிடம் கற்றாராம். நம் தாலாட்டுக்கு மாமியார், அங்கே தாத்தா.

டிலனின் முதல் தட்டில் இன்னொரு பாட்டையும் கேளுங்கள். ‘பேபி, லெட் மி ஃபாலோ யூ டவுன்’ தொடங்குமுன், கிதாரை மீட்டிக்கொண்டே டிலன் பேசுகிறார். இதை முதலில் ரிக் வான் ஷ்மிட்டிடம் கேட்டேன் என்று அவரைச் சந்தித்த இடத்தோடு சொல்கிறார். வெட்டியிருந்தால் சில விநாடி மிச்சமாகியிருக்கும். வெட்டவில்லை. மூன்றாவது வரியைக் குரலாலேயே எழுதிவிட்டார்.

பதின்மூன்றில் பதினொன்று

1963இல் வந்த இரண்டாம் தட்டிலும் 13 பாட்டுகள். இம்முறை சொந்தப் பாட்டு 11. பையன் மரபை விட்டு வெளியே வந்துவிட்டான் என்று தோன்றும். ஆனால் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ மெட்டு, அடிமைச் சந்தையை இனிக் காணமாட்டேன் என்று கறுப்பின மக்கள் பாடிய பழம் பாட்டிலிருந்து கிளைத்தது. ‘கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி’க்கு, லண்டனில் மார்ட்டின் கார்த்தி பாடக் கேட்ட ‘ஸ்கார்பரோ ஃபேர்’ அடி. இரண்டு என்பதும் பதினொன்று என்பதும் உறையில் உள்ள கணக்கு. மெட்டுக்குள் போனால் கணக்கு மாறும். பழைய மெட்டை எடுப்பது களவு ஆகாது. எடுத்த வீட்டின் பெயரை மறைப்பதுதான் களவு.

சென்ற மாதம் மாணவர் ஒருவர் தன் முதல் இசைத்தொகுப்பின் உறையை அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம் காட்டினார். நான்கு பாட்டு அவர் கட்டியவை. பெயர் பெரிதாக இருந்தது. மற்ற ஆறுக்கும் ‘மரபுப் பாடல்’ என்று போட்டிருந்தார்.

“இந்த ஆறும் யாரிடம் கேட்டது தம்பி?”

“எங்க அப்பத்தாகிட்டதான் ஐயா.”

“அதை ஏன் போடவில்லை?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதானேன்னு விட்டுட்டேன்.”

சரி, இப்போதாவது போடுங்கள், அப்பத்தா பெயர் என்ன என்றேன். பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வெளியே போய், அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதினார்.