சலங்கையும் தொட்டிலும்
(நவராத்திரி விழாவில் ஆற்றிய உரை)



நவராத்திரியின் ஒன்பது இரவுகளும் தாய்மையைப் போற்றும் இரவுகள். முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று நாள் திருமகள், நிறைவு மூன்று நாள் கலைமகள். துணிவும் வளமும் கல்வியும் ஒரே தாயின் மூன்று முகங்கள் என்பதே இவ்விழாவின் உட்பொருள். அப்பொருளைத் தம் வாழ்வால் விளக்கிச் சென்ற ஓர் அன்னையை இம்மேடையில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர்தாம் சிங்கப்பூரின் நடன ஆசிரியர், காலஞ்சென்ற திருமதி சாந்தா பாஸ்கர் அம்மையார்.

1939இல் கேரளத்தில் பிறந்த அவர் இளமையிலேயே பரதம் பயின்றார். 1955இல் திரு. கே.பி. பாஸ்கர் அவர்களை மணந்து, கடல் கடந்து சிங்கப்பூர் வந்தார். கணவர் 1952இலேயே இங்கு நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில், இல்லறப் பொறுப்பும் ஆசிரியப் பொறுப்பும் ஒருங்கே அவர் தோளில் ஏறின.

அக்காலத்தில் அது எளிய பணியன்று. சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிப் பரதத்திற்கு மதிப்புத் தேடித் தந்திருந்தபோதிலும், “நம் வீட்டுப் பெண் மேடையில் ஆடுவதா?” என்ற தயக்கம் பல குடும்பங்களை விட்டு அகலவில்லை. கடல் கடந்து வந்தவர்களோடு அத்தயக்கமும் உடன் வந்தது. ஒரு குடும்பப் பெண்ணாக, ஒரு தாயாக அம்மையார் நடனம் கற்பித்ததைக் கண்ட பின்னரே பல தாய்மார்களின் மனம் தெளிந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆயிரம் சொற்பொழிவுகள் ஆற்ற இயலாததை ஒரு நன்முறை வாழ்வு ஆற்றிவிடும்.

1958இல், இருபது வயதும் நிரம்பாத நிலையில், அவர் ஓர் அரிய செயலைச் செய்தார். சீனர்களின் புகழ்பெற்ற ‘பட்டாம்பூச்சிக் காதலர்’ கதையைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். பெண் என்பதால் கல்வி மறுக்கப்பட்ட ஒருத்தி, ஆணுடை பூண்டு கல்விக்கூடம் செல்வதும், அங்கு அரும்பிய அன்பு இவ்வுலகில் கைகூடாமல் போக, இருவரும் இறுதியில் பட்டாம்பூச்சிகளாக மாறுவதும் அக்கதை. ‘அபிநய தர்ப்பணம்’ கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளுக்குச் சாதியோ மொழியோ இல்லை. இராதையின் ஏக்கத்தைக் காட்டும் அதே கரம் சீனப் பெண்ணின் துயரையும் காட்டும். அண்டை வீட்டாரின் கதையைத் தம் கலையில் ஏற்றதால் பரதம் தேய்ந்துவிடவில்லை. அதற்குப் புதிய சுவைஞர்கள் கிடைத்தனர். பின்னாளில் தாய்லாந்து மரபுக் கதையான ‘மனோரா’வையும் அவர் மேடையேற்றினார்.

1977இல் தொடங்கிப் பல்லாண்டுகள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்திய நடனம் பயிற்றுவித்தார். நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் கணவருக்கு 1987இலும் அம்மையாருக்கு 1990இலும் கிடைத்தது. 2013இல் கணவர் மறைந்த பின்னரும் அவர் பணி நிற்கவில்லை. மகள் மீனாட்சி பாஸ்கரும் அதே கலைவழியில் ஆசிரியராகத் தொடர்கிறார். தாய் தந்த சொத்துகளுள் எவராலும் பங்கு பிரிக்க இயலாத சொத்து இதுவே.

அன்பர்களே! இவ்வாலய மண்டபத்தில் சிறுமியர் ஆடும்போது கைதட்டி மகிழ்கிறோம். ஆனால் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வு நெருங்கியதும் முதலில் நிறுத்தப்படுவது நடன வகுப்புதான். சலங்கை பெட்டிக்குள் போகிறது. பல வீடுகளில் அது மீண்டும் வெளியே வருவதே இல்லை. தேர்வு முக்கியமே, அதை மறுப்பாரில்லை. எனினும் கலைமகள் கையில் ஏடும் இருக்கிறது, வீணையும் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை வணங்குவது முழு வழிபாடாகுமா? வகுப்பைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை.

மேடைக்குப் பின்னே ஜடை பின்னி, குஞ்சலம் கட்டி, நெற்றிச்சுட்டி சரிபார்த்து, நிகழ்ச்சி முடியும்வரை பசியோடு காத்திருக்கும் தாய்மார்களின் பெயர்கள் எந்த அழைப்பிதழிலும் அச்சாவதில்லை. அவர்கள் செய்வதும் ஆலயத் தொண்டே. இம்மலரின் வாயிலாக அவர்களுக்கும் நன்றி உரித்தாகுக.

2022 பிப்ரவரி 26ஆம் நாள், நிகழ்ச்சி ஒன்று நடைபெறவிருந்த வேளையில், தம் 82ஆம் வயதில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். மேடைக்கு அருகிலேயே வாழ்ந்தவர், மேடைக்கு அருகிலிருந்தே விடைபெற்றார். பெட்டிக்குள் உறங்கும் சலங்கை ஒன்றை இந்த விசயதசமியன்று ஒரு தாய் வெளியே எடுத்துத் தம் மகளின் காலில் கட்டுவாரானால், அதுவே அவருக்குச் செலுத்தும் சிறந்த அஞ்சலி.

அன்னை பராசக்தி அனைவருக்கும் அருள் புரிவாளாக.